காலையில் குழறிய கைகள்

அலுவலகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் கிடையாது. எல்லோருக்கும் அவள் கைகாரி. ஊரை ஏய்க்கிறவளுக்கும் அந்தப் பட்டம் உண்டு என்று தெரிந்துதான் வைத்தார்கள்; தெரிந்துதான் அவளும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டாள். அவள் தொழிலே கையால் பேசுவது. காது கேளாதவர்கள் ஆஸ்பத்திரிக்கோ, நீதிமன்றத்துக்கோ, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கோ போகும்போது கூடவே போவாள். வாயால் பேசுகிறவர்கள் சொல்வதைக் கையால் சொல்லுவாள். கையால் பேசுகிறவர்கள் சொல்வதை வாயால் சொல்லுவாள். ஒரு சொல்லைக் கூட்டமாட்டாள், ஒரு சொல்லைக் குறைக்கமாட்டாள். அந்த விஷயத்தில் அவளுக்கு நல்ல பெயர்.

கல்யாணத்துக்கு முன்பு அவள் செருப்புக் கடையில் விற்பனைப் பெண்ணாக இருந்தாள். ஒரு நாள் ஒருவன் உள்ளே வந்து, ஒரு ஷூவைக் காட்டினான், தன் காலைக் காட்டினான், பிறகு கட்டைவிரலை மடக்கிக் காட்டி முகத்தைச் சுளித்தான். கடிக்கிறது என்கிறான் என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. ஓர் அளவு பெரிதாக எடுத்துக் கொடுத்துவிட்டு, தன் கட்டைவிரலை நிமிர்த்திக் காட்டினாள். அவன் கடை அதிரச் சிரித்தான். அவ்வளவு சத்தமாகச் சிரித்தோம் என்பது அவனுக்குத் தெரியாது. கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்ததை மட்டும் கவனித்து, அவர்களுக்கும் சேர்த்து ஒரு வணக்கம் வைத்தான். அதற்குப் பிறகு ஷூ தேவைப்படாமலேயே அடிக்கடி வந்தான்.

அவன் அச்சகத்தில் பெரிய இயந்திரம் ஓட்டுகிறவன். மற்றவர்கள் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு நிற்கும் இடத்தில் அவன் மட்டும் பூங்காவில் நிற்பதுபோல நிற்பான். அவனோடு பேசுவதற்காகத்தான் அவள் சைகை மொழி படித்தாள். முதலில் அவனிடமே, பிறகு மாலை வகுப்பில். காதலுக்காகப் படித்தது பின்னால் சோறும் போட்டது. அவர்களுக்கு ஒரு மகள், கல்லூரியில் படிக்கிறாள். காது நன்றாகக் கேட்கும். ஆனால் வாயில் பேச்சு வருவதற்கு முன்பே அவளுக்குக் கையில் பேச்சு வந்துவிட்டது.

அந்த வீட்டில் இரைச்சல் இருக்காது, ஆனால் பேச்சு ஓயாது. சாப்பாட்டு மேஜையில் மூன்று பேரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தால் எல்லாம் ஆறிப்போகும். அதிலும் அவள் பேச்சு மழைதான். "வாயாடின்னு சொல்வாங்க, நீ கையாடி" என்று கணவன் கிண்டல் செய்வான். அவர்கள் மொழியில் 'நீ'க்கும் 'நீங்க'வுக்கும் ஒரே விரல்தான், மரியாதையெல்லாம் முகத்தில்.

அவளுடைய வியாதி காலில்தான் ஆரம்பித்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கிப் பாதத்தை ஊன்றினால், விரல்களுக்குக் கீழே கூழாங்கல்லை மிதித்தது போலிருக்கும். குனிந்து பார்ப்பாள், தரையில் ஒன்றும் இருக்காது. புதுச் செருப்பின் மேல் பழியைப் போட்டாள். செருப்புக் கடையில் வேலை பார்த்தவளுக்கு வேறு என்ன தோன்றும்? பழைய செருப்புக்கு மாறினாள். கூழாங்கல் போகவில்லை.

பிறகு கைக்கு வந்தது. ஒரு நாள் பாத்திரம் கழுவுவதற்காக மோதிரத்தைக் கழற்றப் பார்த்தாள், வரவில்லை. சோப்புப் போட்டு இழுத்தும் வரவில்லை. மோதிர விரலின் நடுக் கணுவும், விரல் தொடங்கும் இடத்துக் கணுக்கள் இரண்டும் லேசாக உப்பியிருந்தன. வலது கையில் எந்தக் கணுவோ இடது கையிலும் அதே கணு, இரண்டும் பேசிவைத்துக்கொண்டது போல. அதன்பின் காலை நேரம் என்றாலே அவளுக்குப் பயம் பிடித்தது. பற்பசை மூடி திறக்காது. குழாயைத் திருக முடியாது. சட்டைப் பொத்தான் ஒவ்வொன்றும் ஒரு வழக்கு மாதிரி இழுத்தடிக்கும். அதனால் பொத்தான் இல்லாத சட்டைகளாகப் பார்த்துப் போட ஆரம்பித்தாள். எல்லோருக்கும் முன்னால் எழுந்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சுடுதண்ணீரில் இரண்டு கைகளையும் அமிழ்த்திக்கொண்டு நிற்பாள். இறுகிய மாவைப் பிசைகிற மாதிரி விரல்களை மெல்ல மெல்ல மடக்கிப் பார்ப்பாள். முற்பகல் கழிந்ததும்தான் அவை அவளுடைய விரல்கள் ஆகும்.

கை மட்டும் இல்லை. நடுப்பகலிலேயே நாள் முழுக்க மூட்டை தூக்கியவளைப் போல ஆகிவிடுவாள். மாலையில் உடம்பு கதகதவென்று இருக்கும்; காய்ச்சல் என்று சொல்லவும் முடியாது. சாப்பாடு இறங்கவில்லை. அலுவலக வரவேற்பில் உட்காரும் பெண் ஒரு நாள் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னக்கா, இளைச்சு அழகாயிட்டீங்க! என்ன பண்றீங்கன்னு எங்களுக்கும் சொன்னா என்ன?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் பண்ணல. அதான் ரகசியம்" என்று சொல்லிவிட்டுப் போனாள் கைகாரி. அவளுக்கே அதற்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் அவள் பேச்சு குறைந்தது. காலையில் கணவன் அச்சகத்துக் கதையை ஆரம்பிப்பான்: காகிதம் சிக்கிக்கொண்டது, மேலாளர் குதித்தது, தான் எதுவுமே கேட்காதவனைப் போல (உண்மையிலேயே கேட்காதவன்தானே) நின்றது. முன்பெல்லாம் அவள் நடுவே நூறு கேள்வி கேட்பாள். இப்போது, "சரி." "ம்." "அப்புறம் சொல்லு." ஒரு கேள்விக்கு ஒரு சைகை, அதற்கு மேல் கிடையாது. அவன் ஒரு நாள் கதையைப் பாதியில் விட்டுவிட்டுச் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அதற்கு மறுநாள் கதையை ஆரம்பிக்கவே இல்லை.

மகள்தான் கேட்டாள். "அம்மா, அப்பாவோட சண்டையா?"

"இல்லையே, ஏன்?"

"ரெண்டு பேரும் தந்தி அடிக்கிற மாதிரி பேசிக்கிறீங்க. அதான் கேட்டேன்."

வேறு வீடுகளில் மனைவிக்குக் கை வலித்தால் வேலை கெடும், பேச்சு கெடாது. இந்த வீட்டில் அப்படி இல்லை. கை போனால் அவனோடு இத்தனை வருடமாகப் பேசிய பேச்சு போகும். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் அவள் வேறெதையாவது பார்ப்பாள். வாய்விட்டுச் சொன்னால்தானே அது உண்மையாகும்? சொல்லாமலே இருந்தால் தானாகப் போய்விடலாம்.

தானாகப் போகவில்லை என்றதும் தெருமுனை டாக்டரிடம் போனாள். நல்ல மனிதர், அவசரப்படாதவர். ஆனால் அவர் உட்காருவது மாலையில். மாலையில் அவள் விரல்களைப் பார்த்தால் யாருக்கும் எதுவும் தோன்றாது. காலையில் இருந்த வீக்கத்தில் முக்கால்வாசி வடிந்திருக்கும். டாக்டர் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன வேலை பாக்கறீங்க?" என்றார்.

சொன்னாள்.

"அப்ப வேற காரணம் எதுக்கு? நாள் பூரா கையை ஆட்டிக்கிட்டே இருந்தா அது என்ன பண்ணும் பாவம்? ஒரு வாரம் லீவு போடுங்க. கையைச் சும்மா வச்சிருங்க."

அது நியாயமாகத்தான் பட்டது. லீவு போட்டாள். கையை மடியில் வைத்துக்கொண்டு, விருந்தாளி மாதிரி சொந்த வீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஆனால் ஓய்வெடுத்த அந்த வாரத்தில்தான் கை படுமோசமாக இருந்தது. மதியம் வரைக்கும் விரல் மடங்கவில்லை. ஓய்வு எடுத்தால் குறைய வேண்டிய வலி ஓய்வில் ஏன் கூடுகிறது என்று அவளும் யோசிக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. லீவு போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்து எலும்பு டாக்டர். படம் எடுத்துப் பார்த்து, "எலும்பு பளிங்கு மாதிரி இருக்கு" என்று பாராட்டினார். மணிக்கட்டுக்கு ஒரு பட்டை கட்டிவிட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ரத்தப் பரிசோதனையும் எழுதிக்கொடுத்தார். வாதம் இருந்தால் ரத்தத்தில் தெரியும் என்றார். அது இல்லை என்று வந்தது. "பாத்தீங்களா, வாதம் இல்ல. நிம்மதியா இருங்க" என்று அனுப்பிவைத்தார். அவளும் நிம்மதியாகத்தான் வெளியே வந்தாள். வலி கூடவே வந்தது.

தூரத்து ஊரில் இருக்கும் அக்கா ஃபோனில் வேறு மாதிரி வைத்தியம் பார்த்தாள். "இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான்டி. எனக்கு முழங்கால் வலிக்கலயா? நான் என்ன ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாவா அலையறேன்? எண்ணெய் அனுப்பறேன், ராத்திரி தேய்ச்சுக்கிட்டுப் படு." எண்ணெய் வந்தது. தேய்த்துக்கொண்டாள். வழுவழுத்த கையிலிருந்து பீங்கான் கோப்பை ஒன்று நழுவி உடைந்ததுதான் மிச்சம்.

இப்படி ஒரு பருவம் போய் அடுத்த பருவமும் வந்துவிட்டது. ஒரு நாள் காலை, மகப்பேறு ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை. காது கேளாத ஓர் இளம்பெண். முதல் பிள்ளை வயிற்றில். கூட யாரும் வரவில்லை. டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, "குழந்தை நல்லா இருக்கு. உனக்குத்தான் ரத்தம் கொஞ்சம் கம்மி. மாத்திரை தர்றேன்" என்றார். தினமும் எத்தனையோ பேருக்குச் சொல்கிற சாதாரணச் செய்தி.

'கொஞ்சம்' என்பதற்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடுவதுபோல நெருங்கி நிற்க வேண்டும், நடுவே ஓர் அரிசி புகும் அளவு இடைவெளியோடு. கைகாரியின் விரல்கள் அன்று நெருங்கவில்லை. வீங்கிய இரண்டும் இரண்டு திசையைப் பார்த்துக்கொண்டு அகன்று நின்றன. அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அவ்வளவு ரத்தம் போயிடுச்சா? குழந்தை?" என்று கேட்டாள்.

கைகாரிக்கு என்ன நடந்தது என்று அந்தக் கணமே புரிந்தது. மறுபடி முயன்றாள், விரல் கேட்கவில்லை. முகத்தால் சொன்னாள், உதட்டால் சொன்னாள், கடைசியில் மேஜையிலிருந்த மருந்துக் குப்பியை எடுத்து அதன் அடியில் ஒட்டியிருந்த துளியைக் காட்டி, "இவ்வளவுதான், இவ்வளவுதான்" என்று தலையை ஆட்டினாள். அந்தப் பெண்ணுக்கு மூச்சு வந்தது. பிறகு அழுதாள். அவள் அழுது முடிக்கும் வரை கைகாரி பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவள் யாரையும் இப்படிப் பயமுறுத்தியது இல்லை.

அந்தப் பெண் போனதும் டாக்டரம்மா, "நீங்க இருங்க" என்றார். "கையைக் காட்டுங்க."

காலை நேரம். ஒளிக்க ஒன்றும் இல்லை. கணுக்களுக்கு நடுவே இருக்க வேண்டிய பள்ளங்கள் தூர்ந்துபோய், கை மேடாக இருந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"அது... வேலை ஜாஸ்தி டாக்டர். காட்டிட்டேன். ரத்தத்துல ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க."

"நான் பிரசவம் பாக்கறவ, இது என் பாடம் இல்ல. ஆனா இது வேலை செஞ்ச கை மாதிரி தெரியல. மேல் மாடியில மூட்டுவாத டாக்டர் ஒருத்தங்க வர்றாங்க. காலையில பாக்கற மாதிரி நேரம் வாங்குங்க. சாயந்திரம் போகாதீங்க. வீட்டுல யாரையாவது கூட்டிட்டுப் போங்க."

கணவனும் மகளும் கூடப் போனார்கள். கணவன் அச்சகத்தில் லீவு சொல்லிவிட்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தான்.

மூட்டுவாத டாக்டர் கட்டையான, நிதானமான பெண்மணி. கைகாரி நீட்டிய காகிதங்களை வாங்கி ஓரமாக வைத்தார். "இதெல்லாம் அப்புறம் படிக்கலாம். முதல்ல கையைக் குடுங்க." ஒவ்வொரு கணுவையும் தன் இரண்டு கட்டைவிரல்களாலும் மெல்ல அமுக்கிப் பார்த்தார். எலும்பின் கடினம் இல்லை. ஊறிய ரொட்டி போல மெத்தென்று இருந்தது. பிறகு கை குலுக்குவது போல நான்கு கணுக்களையும் சேர்த்து ஒரு பிடி பிடித்தார். கைகாரி நாற்காலியில் துள்ளினாள்.

"செருப்பைக் கழட்டுங்க."

"கால் எதுக்கு டாக்டர்?"

டாக்டர் பாதத்தின் முன்பகுதியை அதே மாதிரி இரு பக்கமும் பிடித்து அமுக்கினார். அதே துள்ளல்.

"இது எப்பலேருந்து?"

"அதுதான் முதல்ல வந்தது. கூழாங்கல் மேல நடக்கற மாதிரி."

"மத்த டாக்டர்ங்ககிட்ட சொன்னீங்களா?"

"கையைப் பத்திதானே கேட்டாங்க..." என்று இழுத்தாள். காலும் கையும் ஒரே கதை என்று அவளுக்கு இதுவரை தோன்றியதே இல்லை.

"காலையில எழுந்ததும் கை இறுகிக் கிடக்குமா? எவ்வளவு நேரம்?"

"கொஞ்ச நேரம்தான் டாக்டர். எழுந்து நடமாடினா சரியாப் போயிடும்."

கணவன் அவள் தோளைத் தொட்டு, என்ன கேட்டார்கள் என்று கேட்டான். "எப்ப வலிக்கும்னு கேட்டாங்க" என்று விரல்களைச் சுருக்கமாக அசைத்தாள்.

"அம்மா!" என்றாள் மகள். "நீ சரியாச் சொல்லல. டாக்டர்கிட்டயும் சொல்லல, அப்பாகிட்டயும் சொல்லல."

கைகாரியின் முகம் சிவந்தது. ஒரு சொல்லைக் குறைக்காதவள் என்று பெயர் வாங்கியவள், சொந்தக் கணவனுக்குப் பாதியை விழுங்கிவிட்டுச் சொல்லியிருக்கிறாள். மகள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, டாக்டர் கேட்டதை ஒன்று விடாமல் கையால் சொன்னாள். டாக்டரும் மகளைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க. காலையில இவங்க எப்படி இருக்காங்க?" என்றார்.

அவன் யோசித்தான். பிறகு அவன் கைகள் மெதுவாகப் பேச, மகள் குரல் கொடுத்தாள்.

"காலையில இவ பேசறது எனக்குப் புரியறதே இல்ல. கனமான கையுறை ரெண்டை மாட்டிக்கிட்டுப் பேசற மாதிரி குழறுது. ஒரு வார்த்தைக்கு மேல பேசமாட்டா. நான் வேலைக்குக் கிளம்பற வரைக்கும் அப்படித்தான். மத்தியானம் சாப்பாட்டு வேளையில வீடியோவுல கூப்பிடுவேன். அப்ப பேச்சு தெளிவா இருக்கும்." மனைவியைத் திரும்பிப் பார்த்தான். "என் மேல ஏதோ கோவம்னு நெனச்சேன். காலையில முகத்துல முழிக்கப் பிடிக்கல, அதான் இப்படிப் பேசறான்னு நெனச்சேன்."

கடைசி வாக்கியத்தை மகள் தாழ்ந்த குரலில் சொல்லி முடித்தாள்.

லீவு எடுத்த வாரத்தைப் பற்றியும், அசதி, எடை, சுரம் பற்றியும் கேட்டுத் தெரிந்துகொண்டு டாக்டர் தலையசைத்தார். "வேலை செஞ்சு வர்ற வலின்னா வேலை செய்யச் செய்யக் கூடணும், ஓய்வுல குறையணும். இவங்களுக்குத் தலைகீழா இருக்கு. ஓய்வு எடுத்தா இறுகுது, அசைச்சா இளகுது. அதுவும் மத்தியானம் வரைக்கும் இழுக்குது. ரெண்டு கையிலயும் ஒரே இடம், ரெண்டு கால்லயும் ஒரே இடம். அசதி, எடை குறையறது, லேசான சுரம்... எல்லாம் ஒரு பக்கமாத்தான் கை காட்டுது."

"ஆனா ரத்தத்துல இல்லன்னு வந்துச்சே டாக்டர்?"

"அந்த ஒரு டெஸ்ட்ல இல்லன்னு வந்துச்சு. அதுல இல்லன்னு வந்தாலும் நிறையப் பேருக்கு இந்த நோய் இருக்கும். ஆரம்பத்துல எலும்புப் படமும் நல்லாத்தான் இருக்கும். இன்னொரு ரத்தப் பரிசோதனை இருக்கு, மூட்டை ஸ்கேன் பண்ணியும் பாக்கலாம். பாத்துட்டுப் பேர் வைக்கலாம்."

ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்கள். மகள் கல்லூரிக்கு நேரமாகிறது என்று ஓடினாள். நேரமாகவில்லை, அப்பா அம்மாவைத் தனியே விடத்தான் ஓடினாள். இருவரும் பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள். ஒரு பேருந்து வந்து போனது. அவர்களுடையதுதான், ஏறவில்லை.

"கோவமா?" என்று அவன் கேட்டான். "நெஜமா இல்ல?"

"கோவம் இல்ல" என்றாள். வெயில் ஏறிவிட்டதால் கை ஓரளவு இளகியிருந்தது. அவள் நிறைய பேசினாள். குளியலறைச் சுடுதண்ணீரைச் சொன்னாள், பொத்தான்களைச் சொன்னாள், அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுததைச் சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் நின்றாள். "கை நின்னுபோச்சுன்னா உன்கிட்ட எப்படிப் பேசுவேன்? அதான் சொல்லல."

அவர்கள் வீட்டில் ஒருவர் கையை மற்றவர் பிடித்துக்கொள்வது வாயைப் பொத்துகிற மாதிரி. சண்டையில்கூட யாரும் செய்யமாட்டார்கள். அவன் அதனால் அவளுடைய ஒரு கையை மட்டும் எடுத்துத் தன் உள்ளங்கையில், கனம் தெரியாத மாதிரி வைத்துக்கொண்டான். மற்றது பேசுவதற்கு இருக்கட்டும் என்று விட்டுவைத்தான்.

"ஒரு கையால பேசு. கண்ணால பேசு. நான் படிச்சுக்கறேன்" என்றான், தனக்கு மிச்சமிருந்த ஒரு கையால். "ஆனா வலியை மறைக்காத. நான் தப்பு தப்பா அர்த்தம் பண்ணிக்கிட்டேன். எவ்வளவு நாள் வீணாப் போச்சு."

அடுத்த வாரம் பெயர் கிடைத்தது. இரண்டாவது ரத்தப் பரிசோதனையில் வந்த எண் எக்கச்சக்கமாக இருந்தது. மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு வீங்கியிருப்பது ஸ்கேனில் தெரிந்தது. "ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். முடக்குவாதம்னு சொல்வாங்க. பேரைக் கேட்டுப் பயந்துடாதீங்க, முடக்காம பாத்துக்கத்தான் நாங்க இருக்கோம்" என்றார் டாக்டர். உடம்பைக் காக்க வேண்டிய காவல் படையே வழி தவறிப் போய்ச் சொந்த மூட்டைத் தாக்குகிறது. அதை அடக்கி வைக்க மருந்து உண்டு, ஆனால் ஒரேயடியாக விரட்ட முடியாது. இடது பாதத்தில் ஒரு எலும்பின் ஓரம் மட்டும் லேசாக அரித்திருந்தது. "இன்னும் முன்னாடி வந்திருந்தா இதுவும் இருந்திருக்காது. பரவாயில்ல, பெரிசா ஒண்ணும் கெட்டுப்போகல."

கைகாரி அழவில்லை. பெயர் தெரியாமல் இத்தனை நாள் தவித்ததற்கு, இந்தப் பயமுறுத்துகிற பெயரே தேவலாம் என்றிருந்தது.

முக்கியமான மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். "தினமும் இல்ல. மறந்தும் தினமும் போட்டுடாதீங்க, ஆபத்து" என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். அவள் தானாகவே அதைக் கணவனுக்குக் கையால் சொன்னாள், இந்தத் தடவை ஒரு சொல் குறையாமல். அந்த மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்க வேறொரு மாத்திரையைச் சின்ன அளவில் கொடுத்தார்கள். அது போட்ட சில நாட்களிலேயே ஒரு காலை, சட்டைப் பொத்தான் நான்கும் வரிசையாக அவள் சொல் பேச்சுக் கேட்டன. கூடத்துக்கு ஓடிவந்து பிரித்து மறுபடி பூட்டிக் காட்டினாள். "இதை நம்பி ஆடாதீங்க, இது தற்காலிகம்" என்று டாக்டர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். அவர் சொன்னது சரிதான். அதைக் குறைக்கக் குறைக்க வலி திரும்பி எட்டிப்பார்த்தது. நடுவில் சில வாரம் அவள் நம்பிக்கை இழந்துபோனாள். வார மாத்திரை போட்ட மறுநாள் குமட்டும், யாரைப் பார்த்தாலும் எரிச்சல் வரும். "அன்னைக்கு உன் பக்கத்துலயே வரமாட்டேன்" என்று கணவன் அந்தக் கிழமைக்கே ஒரு புதுச் சைகை கண்டுபிடித்தான்: புலி மாதிரி ஒரு முகம். மருந்தின் அளவை மாற்றினார்கள், இன்னொன்றைச் சேர்த்தார்கள். அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் காலை இறுக்கம் தேநீர் குடிக்கும் நேரத்துக்குள் இளகுவதாகிவிட்டது.

எல்லாம் பழையபடி ஆகவில்லை. வலது மணிக்கட்டு முழுக்க மடங்குவதில்லை. காலை நேர நீதிமன்ற வேலைகளை அலுவலகத்தில் வேறொருவர் எடுத்துக்கொண்டார். அவளுக்கு முற்பகலுக்குப் பிறகுதான். அதைக் கேட்பதற்கே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் மேலதிகாரி, "இதை முன்னாடியே கேட்டிருக்கலாமே, கைகாரி?" என்று மட்டும் சொன்னார். கைப் பயிற்சி சொல்லிக்கொடுப்பவர் கனமான குடத்தை எப்படித் தூக்குவது, மூடியை எப்படித் திறப்பது என்று எல்லாவற்றையும் புதிதாகக் கற்றுக்கொடுத்தார். மணிக்கட்டுக்கு வலிக்காத மாதிரி பேசவும் அவளே பழகிக்கொண்டாள். பெரிதாக வீசிப் பேசியவள் இப்போது நெஞ்சருகே சின்னச் சின்னதாகப் பேசுகிறாள். அவளை வெகுநாளாகத் தெரிந்த காது கேளாத தச்சர் ஒருவர் பார்த்துவிட்டு, "என்னம்மா, வேற ஊர்ல குடியேறிட்டியா? பேச்சு மாறிடுச்சே?" என்று கேட்டார். "ஆமா, முடக்குவாதம்னு ஒரு வாத்தியார் வந்திருக்கார், அவர் போறதா இல்ல" என்றாள்.

அக்கா அடுத்த முறை ஃபோன் செய்தபோது, "உன் முழங்கால் காலையில எவ்வளவு நேரம் இறுக்கமா இருக்கு? வீங்குதா? ரெண்டு கால்லயுமா?" என்று கைகாரி துருவித் துருவிக் கேட்டாள். "சும்மா இருடி, மாடிப்படி ஏறினா மட்டும்தான் வலிக்குது, உட்கார்ந்தா விட்டுடுது" என்றாள் அக்கா. அது வேறு வலி என்று தங்கைக்கு இப்போது தெரியும். இருந்தாலும் ஒரு டாக்டரிடம் காட்டச் சொன்னாள். எண்ணெய் இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று அக்கா கேட்டாள்.

போன மாதம் மூட்டுவாத டாக்டர், நோய் வெகுநாளாக அடங்கியிருக்கிறது, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். கட்டாயம் இல்லை, திரும்பி வந்தால் உடனே கூட்டிவிடலாம். கைகாரி வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்தாள். அடங்கிக் கிடப்பதை எதற்குச் சீண்ட வேண்டும் என்று ஒரு மனம்; வயிற்றைப் புரட்டும் அந்த மாத்திரை குறைந்தால் நல்லதுதானே என்று ஒரு மனம்.

"நீ என்ன சொல்ற?" என்று கணவனைக் கேட்டாள். "குறைச்சா, என் பேச்சு குழறுதான்னு தினமும் காலையில நீ பாத்துச் சொல்லணும்."

"நான் எதுக்குப் பாக்கணும்? நான் என்ன போலீஸா?" என்றான் அவன். "நீயே சொல்லு. எழுந்ததும் எப்படி இருக்குன்னு நீயா சொல்லு. முழு வாக்கியமா."

குறைத்தார்கள். மறுநாள் காலை அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அவன் கண் விழிக்கும் வரை காத்திருந்து, சொன்னாள்: "வலது மணிக்கட்டு மட்டும் கொஞ்சம் இறுக்கம், இடது பாதத்துல லேசா வலி இருந்துச்சு, இப்ப இல்ல, தூக்கம் நல்லா வந்துச்சு, நீதான் கையைத் தூக்கி என் முகத்துல போட்ட, பசிக்குது, டீ போடு."

அவன் போர்வையை விலக்கிவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு, அடுப்படிக்குப் போனான்.